கர்ப்ப காலத்தில் குடிக்க மதுவில்லாத பானம்: திகட்டாத மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்

தாகம்_தீராதவள்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 21-வது வாரம். வரும் சனிக்கிழமை வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் வருகிறார்கள். அவரவர் கையில் அவரவருக்குப் பிடித்தது இருக்கும். என் கையில் வழக்கம்போல ஆரஞ்சு ஜூஸ். போன மாதமும் இப்படித்தான், இரண்டு மணி நேரத்தில் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, திகட்டிப்போய், நெஞ்செரிச்சலோடு போய்ப் படுத்தேன்.

மாக்டெயில் என்று தேடினால் சிரப், அதன்மேல் ஜூஸ், அதன்மேல் இன்னொரு சிரப். குழந்தைகளின் பிறந்தநாளுக்கு அது சரி. எனக்கு வேண்டியது மெதுவாக உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி, புளிப்பும் கொஞ்சம் கசப்புமாக, ஜில்லென்று ஏதாவது. வீட்டிலேயே செய்ய முடிய வேண்டும். தண்ணீர் குடி என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சும்மா_வாசகி:
தண்ணீர் குடியுங்கள்.

(மன்னிக்கவும், கை சும்மா இருக்கவில்லை. நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன், 14-வது வாரம்.)

கரண்டி:
ஆறு வருடம் ஒரு ஓட்டலில் பானங்கள் கலக்கும் வேலை பார்த்தவன் நான். மதுவில்லாமல் கேட்டு வருபவர்களுக்கு நாங்கள் செய்துகொண்டிருந்த தப்பைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். மதுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜூஸை ஊற்றிவிடுவோம்.

மது கலந்த பானத்தை ஏன் மெதுவாகக் குடிக்கிறார்கள்? தொண்டையில் ஒரு எரிச்சல், நாக்கில் ஒரு கசப்பு. அது ஆளை நிறுத்தி நிறுத்திக் குடிக்க வைக்கிறது. ஜூஸுக்குப் பிரேக்கே கிடையாது, வாயில் வைத்தால் மடமடவென்று உள்ளே போய்விடும். ஆக, நாம் போட வேண்டியது பிரேக். புளிப்பு, கசப்பு, இஞ்சிக் காரம், சோடாவின் சுருக், குளிர்ச்சி. இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே டம்ளர் அரை மணி நேரம் தாங்கும்.

முதலில் இஞ்சிப் பாகு. நல்ல இஞ்சி 100 கிராம். தோலைச் சுரண்டி மெல்லிசாக நறுக்கி, 500 மி.லி. தண்ணீரில் போட்டு 20 நிமிடம் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். வடிகட்டினால் ஏறக்குறைய 400 மி.லி. நிற்கும். சூடாக இருக்கும்போதே 100 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள். கடையில் விற்கும் சிரப்பில் இதைப்போலப் பல மடங்கு சர்க்கரை இருக்கும். இதில் சர்க்கரை குறைவு என்பதால் சீக்கிரம் கெடும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம்.

டம்ளர் நிறைய ஐஸ், 30 மி.லி. பாகு, 15 மி.லி. எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, மேலே 150 மி.லி. சோடா. சோடாவைக் கடைசியில், ஓரமாகச் சரித்து ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு ஒரே ஒரு கலக்கு. நாலு சுற்றுச் சுற்றினால் சுருக் எல்லாம் ஆவிதான். சோடாவையும் முதல் நாளே ஃப்ரிட்ஜில் வையுங்கள், குளிர்ந்த நீர்தான் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கசப்பைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அது தனிக் கதை.

இரண்டாவது_ரவுண்டு:
கரண்டி சார் சொன்ன அளவைக் கணக்குப் போட்டேன், பழக்க தோஷம். சர்க்கரை கரைந்தபின் பாகு 460 மி.லி. அளவுக்கு வரும், ஆக ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய 6.5 கிராம் சர்க்கரை வருகிறது. தாகம் தோழி போன மாதம் குடித்த ஆரஞ்சு ஜூஸ் ஒரு டம்ளர் 250 மி.லி. என்று வைத்தாலும் 20 முதல் 25 கிராம். மூன்று டம்ளருக்கு 60-க்கு மேல்.

"பழத்தில் இருப்பது இயற்கைச் சர்க்கரைதானே" என்று நானும் முதல் கர்ப்பத்தின்போது தினமும் இரண்டு வேளை பிழிந்து குடித்தேன். முழுப் பழமாகத் தின்றால் நார் இருக்கும், மெல்ல நேரமாகும், இரண்டு பழத்தோடு நிறுத்திவிடுவோம். ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் போகும், ஒரே நிமிடத்தில் குடித்தும் முடிப்போம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஜூஸில் இருக்கும் சர்க்கரையையும் நாம் மேலே போடும் சர்க்கரையோடுதான் சேர்க்கிறார்கள். மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம்தான்.

எனக்கு 26-வது வாரத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். ஜூஸால்தான் வந்தது என்று சொல்லவில்லை, அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வந்தபிறகு முதலில் நிறுத்தச் சொன்னது ஜூஸைத்தான். பெரும்பாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இந்தப் பரிசோதனை எடுப்பார்கள், உங்களுக்கு நெருங்கிவிட்டது. சும்மா நினைவுபடுத்துகிறேன்.

அப்பாவாகப்_போகிறேன்:
பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். மனைவிக்கு 17-வது வாரம். வீட்டில் பார்மேன் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சர்க்கரைக்குப் பதில் அதிமதுர வேரைப் போட்டுக் கொதிக்க வைத்தால் இனிப்பு வரும், சர்க்கரையும் மிச்சம் என்று எங்கேயோ படித்தேன். செய்யலாமா?

மாத்திரைப்பெட்டி:
செய்யாதீர்கள். மருந்துக் கடையில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற பொருள். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கும் காலத்தில் அது எதற்கு? பின்லாந்தில் கர்ப்பிணிகள் அதிமதுரம் அதிகம் சேர்ந்த பண்டங்களைத் தவிர்க்கும்படி அரசுத் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

மூலிகை டீ என்றாலே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். இஞ்சி, எலுமிச்சை, புதினா போன்று சமையலில் புழங்குபவை சமையல் அளவில் சரி. செம்பருத்தி, ராஸ்பெர்ரி இலை, பெயர் தெரியாத பத்து வேர் கலந்த பொடி, இவற்றை மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

சர்க்கரைக்கு மாற்று வேண்டுமென்றால் ஆஸ்பர்டேம், சுக்ரலோஸ் போன்றவை மிதமான அளவில் பரவாயில்லை என்பதுதான் பொதுவான மருத்துவக் கருத்து. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் ஆஸ்பர்டேம் ஆகாது. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரையைக் குறைத்துக் குறைத்து ஒன்றாக்கிப் பழகுங்கள். பத்து நாளில் நாக்கு பழகிவிடும்.

அப்பாவாகப்_போகிறேன்:
நன்றி. வேர் குப்பைக்குப் போகிறது. மனைவியிடம் இதைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன்.

நுரைமனிதன்:
எல்லோரும் சோடாவைக் கடையில் வாங்கியே பேசுகிறீர்கள். வீட்டிலேயே இஞ்சி பியர் செய்யுங்கள்! இஞ்சியைத் துருவி, சர்க்கரை, தண்ணீர் சேர்த்து நாலைந்து நாள் நுரைக்க விட்டு, அதை இனிப்புத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் அடைத்து மூன்று நாள் வைத்தால் போதும், ஷாம்பெயின் மாதிரி பொங்கும். பேரில்தான் பியர். மது ஒரு சொட்டுக் கிடையாது. டீயைப் புளிக்க வைத்துச் செய்யும் கொம்புச்சாவும் அப்படித்தான், குடலுக்கும் நல்லது. என் அக்கா கர்ப்பமாக இருந்தபோது நான்தான் செய்து கொடுத்தேன்.

கரண்டி:
நுரைமனிதன், உங்கள் கைவேலை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. "ஒரு சொட்டுக் கிடையாது" என்பதில்தான் இருக்கிறது. அந்த நுரை எங்கிருந்து வருகிறது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. கூடவே வருவது ஆல்கஹால். ஒன்று இல்லாமல் மற்றது வராது.

நுரைமனிதன்:
வரும்தான், ஆனால் பொருட்படுத்தும் அளவா? நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில்கூட லேசாக ஆல்கஹால் இருக்கிறது. கடையில் "ஆல்கஹால் இல்லாதது" என்று விற்பதிலேயே 0.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று பல நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்க ஆளில்லை, நான் வீட்டில் செய்தால் மட்டும் குற்றமா?

இரண்டாவது_ரவுண்டு:
நான் படித்தது வேதியியல், ஆகவே இதைச் சும்மா விட மனமில்லை.

180 கிராம் குளுக்கோஸை ஈஸ்ட் முழுதாகத் தின்றால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வரும். கிட்டத்தட்டச் சரிபாதி. நன்றாகச் சுருக்கென்று இருக்கும் சோடாவில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வாயு கரைந்திருக்கும். அதே சுருக்கை ஈஸ்ட்டை வைத்துக் கொண்டுவந்தால், அதே பாட்டிலில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிராம் ஆல்கஹாலும் இருக்கும் என்றுதானே பொருள்? கொள்ளளவில் 0.8 முதல் 1 சதவீதம். மூடி போடுவதற்கு முன்னால் நாலைந்து நாள் திறந்த ஜாடியில் பறந்துபோன வாயு இந்தக் கணக்கில் வரவில்லை. வாயு பறந்துவிடும், ஆல்கஹால் பெரும்பாலும் ஜாடியிலேயே நிற்கும். கூட வளரும் பாக்டீரியா கொஞ்சத்தை அமிலமாக்கும், அதனால் கணக்கு கூடக்குறைய இருக்கலாம். பூஜ்ஜியம் மட்டும் ஆகாது.

நாம் கண்ணால் பார்ப்பது மேலே வரும் நுரையைத்தான், உள்ளே ஆல்கஹால் எவ்வளவு என்று தெரியாது. தொழிற்சாலையில் அளந்து நிறுத்துகிறார்கள். உங்கள் சமையலறை மேடையில் வெயில் நாளில் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டால்? கர்ப்ப காலத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று எந்த அளவையும் உலக சுகாதார நிறுவனமோ மற்ற மருத்துவ அமைப்புகளோ வரையறுக்கவில்லை. அதனால்தான் அறவே வேண்டாம் என்கிறார்கள். வாழைப்பழத்துக்காக யாரும் பயப்பட வேண்டாம், ஆனால் வாழைப்பழத்தை யாரும் லிட்டர் கணக்கில் குடிப்பதில்லை.

கொம்புச்சாவில் இன்னொன்று. சூடுபடுத்திக் கிருமி நீக்காத பானம், ஜாடியில் வேறு என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. போதாததற்கு அதில் டீயின் காஃபினும் உண்டு.

நுரைமனிதன்:
சரி, அந்த 88 கிராம் கணக்கை நான் இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். அக்காவின் மகனுக்கு இப்போது நாலு வயது, நலமாக இருக்கிறான், ஆனால் அதை ஆதாரமாகக் காட்டமாட்டேன். தாகம் தோழிக்கு என் பங்கு: சோடா மெஷின் இருந்தால் போதும், ஈஸ்ட் வேண்டாம்.

மழைக்கால_மேசை:
இதே மாதிரி ஒரு சந்தேகம். குளிர்காலத்தில் வைனைப் பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்க வைப்பார்களே. கொதித்தால் மது ஆவியாகிவிடும்தானே, அப்போது குடிக்கலாமா?

கரண்டி:
முழுதாகப் போகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கலந்து 15 நிமிடம் கொதித்தபின் 40 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்துக்குப் பின் 25. இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 இருக்கும். அவ்வளவு நேரம் கொதிக்க வைத்த வைனை யார் குடிப்பார்கள், பாகாகிவிடும். அதற்குக் கறுப்புத் திராட்சைச் சாறு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், கடைசியில் எலுமிச்சை. வாசனை அப்படியே வரும். இனிப்பு உண்டு, சின்ன கப் போதும்.

தாகம்_தீராதவள்:
அடேயப்பா, ஒரு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, அதற்குள் வேதியியல் வகுப்பே நடந்திருக்கிறது.

இஞ்சிப் பாகு செய்துவிட்டேன். முதல் தடவை இஞ்சியைத் தடியாக நறுக்கிவிட்டேன், காரம் இறங்கவில்லை. இரண்டாவது தடவை மெல்லிசாகச் சீவியதும் தொண்டையில் சுர்ரென்று பிடித்தது. இதுதான் நான் தேடியது! கசப்புக்கு டானிக் வாட்டர் நாலு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், எலுமிச்சையோடு நன்றாக இருக்கிறது. கரண்டி அண்ணா, கசப்புக் கதையைச் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
டானிக் வாட்டரை நிறுத்துங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. அதன் கசப்பு குயினைன், ஒரு காலத்தில் மலேரியா மருந்து. சோடாவில் சேர்ப்பது சிறிய அளவுதான். ஆனாலும் கர்ப்பிணிகள் குயினைன் கலந்த பானங்களைத் தவிர்ப்பது நல்லது என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் ஒரு தாய் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் டானிக் குடித்திருக்கிறார், பிறந்த குழந்தைக்கு நடுக்கம் கண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எச்சரிக்கை அது. நீங்கள் ஒரு கிளாஸ் குடித்ததற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. மீதியை விருந்தினருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கசப்புக்குக் கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் இனப் பழம்) போடச் சொல்லி அடுத்து யாராவது எழுதுவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பழம் நல்ல பழம். ஆனால் சில மருந்துகள் உடம்பில் கரைந்து போவதை அது தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். கர்ப்ப காலத்து இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிஃபெடிபின் அவற்றில் ஒன்று. மாத்திரை எதுவும் இல்லாதவர்கள் குடிக்கலாம், இருப்பவர்கள் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

கரண்டி:
டானிக்கைப் பற்றி எனக்கே இது புதிது. குறித்துக்கொண்டேன்.

கசப்புக் கதை. ஓட்டலில் இதற்கென்றே பிட்டர்ஸ் என்று ஒரு சின்ன பாட்டில் உண்டு, சொட்டுச் சொட்டாக விடுவோம். அதில் 45 சதவீதம் வரை மது இருக்கும். வெனிலா எசென்ஸ் என்று அசல் சாறாக விற்பதிலும் 35 சதவீதத்துக்குக் குறையாது. சொட்டுக் கணக்கில் அது பெரிதில்லைதான், ஆனால் வீட்டில் செய்ய வழி இருக்கும்போது எதற்கு?

இரண்டு ஆரஞ்சுப் பழத்தை ஓடும் தண்ணீரில் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். மெழுகு பூசிய பழமாக இருந்தால் வெந்நீரில் ஒரு முறை அலசுங்கள். தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியோடு 300 மி.லி. தண்ணீரில் போட்டு 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். அந்த வெள்ளைப் பகுதிதான் கசப்பு, அதைச் சுரண்டி எறிந்துவிட்டால் வெறும் வாசனைத் தண்ணீர்தான் கிடைக்கும். அடுப்பை அணைத்து ஒரு டீ பையையும் நாலு ஏலக்காயையும் ஐந்து நிமிடம் ஊறப் போட்டு வடிகட்டுங்கள். டீயின் துவர்ப்பு நாக்கில் ஒரு பிடிப்புக் கொடுக்கும். டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி, 15 மி.லி. போதும். குடித்துப் பார்த்தால் தனியாகச் சகிக்காது. இஞ்சி, எலுமிச்சை, சோடாவோடு சேர்ந்தால்தான் அதற்கு வேலை.

நுரை வேண்டுபவர்களுக்கு: பச்சை முட்டை வெள்ளைக்கரு அடித்து ஊற்றுவது பழைய முறை. சால்மொனெல்லா கிருமி பயம் இருப்பதால் இப்போது வேண்டாம். கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் 25 மி.லி. சேர்த்து, மூடியிட்ட ஜாடியில் அரை நிமிடம் குலுக்குங்கள். அதே வெள்ளை நுரை. கடலை வாசம் வருமே என்றால், எலுமிச்சை அதைச் சாப்பிட்டுவிடும்.

சும்மா_வாசகி:
டீ பை என்றதும் கேட்கிறேன், காஃபின் கணக்கு என்ன? எனக்குக் காப்பியே கனவாகிவிட்டது.

இரண்டாவது_ரவுண்டு:
ஒரு நாளைக்கு 200 மி.கி. வரை என்பதுதான் பல நாடுகளில் மருத்துவர்கள் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் வரம்பு. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை தரும் கணக்கில் ஒரு மக் டீயில் 75, இன்ஸ்டன்ட் காப்பியில் 100, வடிகட்டிய காப்பியில் 140. ஒரு கேன் கோலாவில் 40. ஆக ஒரு காப்பி உங்களுக்கு உண்டு தோழி, கனவு காண வேண்டாம். கரண்டி சார் கஷாயத்தில் ஒரு டீ பை பதினைந்து டம்ளருக்குப் பிரிகிறது, டம்ளருக்கு 5 மி.கி. அளவுதான் வரும்.

இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்கள் டீ, காப்பி, தயிர் கலந்த பானம் இவற்றை அதே நேரத்தில் குடிக்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். மாத்திரையோடு எலுமிச்சைத் தண்ணீர் நல்லது, வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும்.

சும்மா_வாசகி:
ஒரு காப்பி உண்டா! எழுந்து போகிறேன்.

கிணற்றுத்தவளை:
எனக்கு 9-வது வாரம். நீங்கள் சொல்லும் எதையும் நினைத்தாலே குமட்டுகிறது. தண்ணீர்கூட வாயில் உலோகம் மாதிரி இருக்கிறது. இந்த நேரத்தில் என்ன குடித்தீர்கள்?

இரண்டாவது_ரவுண்டு:
ஐயோ, அந்த வாரங்கள். எனக்கு ஐஸ்தான் கைகொடுத்தது. இஞ்சித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து ஐஸ் கட்டியாக்கி, ஒவ்வொன்றாக வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன். சூடான பானத்தின் ஆவி வாசனையே குமட்டும், குளிர்ந்ததற்கு வாசனை குறைவு. மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா வைத்துக் குடித்தால் இன்னும் கொஞ்சம் தேவலை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், நடுவில் பத்து நிமிடத்துக்கு இரண்டு வாய் என்று பிரித்துக் குடியுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளரை ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

மாத்திரைப்பெட்டி:
குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. பெரும்பாலான ஆய்வுகளில் ஒரு நாளைக்கு உலர்ந்த இஞ்சி 1 கிராம் அளவில் கொடுத்திருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாந்தி அதிகமானால் வெறும் தண்ணீரைவிட உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் நல்லது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முதல் தேர்வு. கிடைக்காத நேரத்தில், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைக் கண்ணளவில் போடாதீர்கள், உப்பு கூடினால் கெடுதல். ஒரு நாள் முழுக்க எதுவும் வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் கரும் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் பானம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரண மசக்கை என்று வீட்டில் சொன்னாலும் போங்கள்.

கிணற்றுத்தவளை:
அவ்வளவு மோசமில்லை, ஐஸ் கட்டி முயற்சி செய்கிறேன். நன்றி அக்கா.

மழைக்கால_மேசை:
நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் எலுமிச்சையும் சோடாவும் குடிக்கலாமா? எனக்கு 33-வது வாரம், படுத்தால் தொண்டை வரை வருகிறது.

கரண்டி:
இதற்கு நான் பதில் சொல்ல முடியாது, என் வயிற்றில் குழந்தை இருந்ததில்லை.

இரண்டாவது_ரவுண்டு:
எனக்கு இரண்டு முறை இருந்தது, சொல்கிறேன். கர்ப்பகால ஹார்மோன் இரைப்பையின் மேல் வாயைத் தளர்த்திவிடுகிறது, பத்தாததற்கு வயிறு கீழிருந்து அழுத்துகிறது. புளிப்பு, சோடா இரண்டுமே சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். பலருக்குத் தெரியாதது, புதினாவும் அந்த வாயைத் தளர்த்தும். "வயிற்றுக்கு நல்லது" என்று இரவில் புதினா டீ குடித்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

கடைசி மாதங்களில் நான் குடித்தது: அரை வெள்ளரிக்காய், மூன்று மேசைக்கரண்டி புளிக்காத தயிர், ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர், சீரகப்பொடி, சிட்டிகை உப்பு. மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் வழவழவென்று இறங்கும். தயிர் கிருமி நீக்கிய பாலில் செய்ததாக இருக்க வேண்டும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே கடையை மூடிவிடுங்கள்.

நெல்லிக்கனி_77:
யாரும் சுத்தத்தைப் பற்றி அதிகம் பேசவில்லையே. நான் ஏழாம் மாதத்தில் வெளியில் ஒரு கடையில் பிழிந்து வைத்திருந்த ஆப்பிள் ஜூஸ் குடித்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதுதான் காரணமென்று நிரூபிக்க முடியாது, ஆனால் அன்று வேறு எதுவும் வெளியில் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படித்தேன். 1996-இல் அமெரிக்காவில் சூடுபடுத்தாத ஆப்பிள் ஜூஸால் ஈ.கோலை கிருமி பரவி ஒரு குழந்தை இறந்தே போயிருக்கிறது. இப்போது அங்கே அப்படிப்பட்ட ஜூஸ் பாட்டிலில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகம். அந்தக் கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், உறைய வைத்தாலும் சாகாது. அதனால் "ஃப்ரிட்ஜில்தானே இருந்தது" என்ற சமாதானம் செல்லாது.

வீட்டில் நான் செய்வது இவ்வளவுதான். தோல் சீவப்போகும் பழத்தையும் முதலில் கழுவுவேன், ஏனென்றால் கத்தி தோலில் உள்ளதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். முலாம்பழத்தின் சொரசொரத் தோலைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். பிழிந்ததை உடனே குடிப்பேன். நறுக்கிய பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் போய்விட்டது என்று தூக்கி எறிவேன், மாமியார் முறைத்தாலும். டீயை வெயிலில் வைத்து ஊற வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அந்தச் சூடு கிருமி வளரத்தான் போதும். கொதிக்கும் நீரில் போட்டு ஆற வையுங்கள்.

அப்பாவாகப்_போகிறேன்:
மொத்தம் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று யாராவது எண் சொல்லுங்கள். மனைவி "போதும் போதும்" என்கிறாள், நான் டம்ளரை நீட்டிக்கொண்டே இருக்கிறேன்.

மாத்திரைப்பெட்டி:
ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் கர்ப்பிணிக்கு நாளைக்கு 2.3 லிட்டர், அதில் சாப்பாட்டில் உள்ள நீரும் சேர்த்தி. வெயில் காலத்தில் கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் டம்ளரை நீட்டாதீர்கள், அவரை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

தாகம்_தீராதவள்:
சனிக்கிழமை முடிந்தது, கணக்குக் கொடுக்க வந்திருக்கிறேன்.

இஞ்சி, ஆரஞ்சுத்தோல் கஷாயம், எலுமிச்சை, சோடா. உயரமான டம்ளரில் ஐஸ் நிறைய. இரண்டு டம்ளர்தான் குடித்தேன், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் ஓடியது. நெஞ்செரிச்சல் இருந்தது, ஆனால் அது எட்டு மணிக்கு மேல் சாப்பிட்ட வறுவல் செய்த வேலை. ஜாடி நிறைய கலந்து வைத்திருந்தேன், ஒன்பது மணிக்குப் பார்த்தால் காலி. மது குடிக்க வந்தவர்களே இதை ஊற்றிக் குடித்திருக்கிறார்கள்! என் டானிக் பாட்டில்கள் அப்படியே இருக்கின்றன.

கடலைத் தண்ணீர் நுரை அழகாக வந்தது. ரகசியத்தைச் சொன்னதும் ஒருத்தி டம்ளரை மேசையில் வைத்துவிட்டாள். வெள்ளரிக்காய் சொதப்பல். முன்கூட்டியே அரைத்து வைத்ததில் தண்ணீர் தனியாக, சக்கை தனியாகப் பிரிந்து நின்றது.

ஒரு பிரச்சினை. முதல் டம்ளரில் என்னவோ லேசான வெங்காய வாடை. எலுமிச்சையா, சோடாவா என்று எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தேன், பிடிபடவில்லை.

கரண்டி:
ஐஸ். ஃப்ரீசரில் ஐஸ் தட்டைத் திறந்து வைத்திருப்பீர்கள், பக்கத்தில் இருக்கும் வாடையை எல்லாம் அது குடித்துவிடும். மூடியுள்ள தட்டு வாங்குங்கள். இருக்கும் கட்டியை எல்லாம் செடிக்குப் போட்டுவிட்டு முதல் நாள் இரவு புதிதாக உறைய வையுங்கள்.

தாகம்_தீராதவள்:
போய்ப் பார்த்தேன். அரை வெங்காயம், தட்டுக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் கவரில்கூட இல்லாமல். வைத்தவர் பெயரைச் சொல்லமாட்டேன், வீட்டில் இருப்பது இரண்டே பேர்.